தொரப்பள்ளி வீட்டுக்கு ஒரு தனிப்பாதை



தொரப்பள்ளி என்றதும் ராஜாஜி நினைவுக்கு வருவார். 1878-இல் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். ஓசூரை ஒட்டிய அந்த ஊர்ப்பக்கத்தில் காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களில் சிலர் சிப்காட் பக்கம் திரும்புவார்கள். சிலர் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போவார்கள்.

அப்படிப் போய் அங்கேயே விடுதியில் தங்கிவிட்ட ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஊரில் லேத் பட்டறை. ஜாப் ஒர்க் டிராயிங்குகளும் டேலி கணக்கும் வீட்டு மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான். ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். அப்பா திரையை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பாதி எண்கள் மங்கல். மீதியில் அவருடைய கட்டைவிரல்.

இந்த அவதிக்கு ஒரு முடிவு உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டரையே வி.பி.என் சர்வராக்கிவிடுவது. விடுதி அறையின் மடிக்கணினிக்கும் தொரப்பள்ளி மூலைக்கும் நடுவே, பொது இணையத்துக்குள்ளேயே பூட்டுப்போட்ட ஒரு சுரங்கப்பாதை விழுகிறது. அதன்பின் மகன் எங்கே இருந்தாலும் வீட்டு வைஃபையில் இருப்பது போலத்தான்.

வி.பி.என் என்றாலே முகமூடி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. விளம்பரங்கள் செய்த வேலை அது. வீட்டு சர்வர் யாரையும் மறைக்காது. அதன் வழியாக இணையத்துக்குள் போனால், அப்பா பெயரில் உள்ள இணைப்பிலிருந்தே போனதாகப் பதிவாகும். அதை வீட்டுச் சாவி என்று எடுத்துக்கொள்வதே சரி.

மென்பொருளுக்குக் காசு இல்லை. 2001-இல் வந்த ஓப்பன்விபிஎன் இன்றும் ஓடுகிறது. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய வொயர்கார்டு, 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. சுமார் 4,000 வரிகள்தான். இரண்டு பக்கமும் ஒரு சாவி ஜோடி. ஒவ்வொரு சாவியும் 44 எழுத்துகள். பொதுச் சாவியை யாருக்கும் தரலாம், அந்தரங்கச் சாவியை வாட்ஸ்அப்பில்கூட அனுப்பக் கூடாது. சாவி இல்லாதவர் வந்து தட்டினால் வொயர்கார்டு பதிலே சொல்லாது. உள்ளே ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. வி.பி.என் இல்லாமல், தூரத்திலிருந்து திரையை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவைப்பதோ, வாசலில் பணப்பெட்டியை வைப்பது மாதிரி.

இதுவரை எல்லாம் ஒரு மாலைப்பொழுது வேலை. சிக்கல் வருவது முகவரியில்.

ஓசூரில் லைன் வீடு பார்த்திருப்பீர்கள். ஒரே கதவு எண், உள்ளே பத்துக் குடித்தனம். உள்ளிருந்து கடிதம் போட்டால் போய்விடும். வெளியிலிருந்து கதவு எண்ணை மட்டும் எழுதிக் கடிதம் வந்தால் தபால்காரர் யாரிடம் கொடுப்பார்? இணைய நிறுவனங்களும் இதையேதான் செய்கின்றன. பழைய ஐபிவி4 முகவரிகள் உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடிதான். ஆசியாவுக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. ஆகவே ஒரு பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிடுகின்றன. நம் வீடு அதில் ஒன்றா என்று பார்ப்பது சுலபம். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வெளி முகவரியைப் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் லைன் வீடுதான். ரவுட்டரில் வொயர்கார்டுக்கான 51820 என்ற போர்ட்டை எத்தனை முறை திறந்துவிட்டாலும் பையன் வீட்டுக்குள் வர முடியாது.

அப்போது கூடுதல் கட்டணம் கட்டி நிலையான முகவரி கேட்கலாம். இரண்டு முனையிலும் ஐபிவி6 இருந்தால் அந்த வழியே வரலாம். இல்லையென்றால் வெளியே ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்து, இரு பக்கமும் அங்கே வந்து சந்திக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பார்கள். வாடிக்கையாளர் விவரங்களை வி.பி.என் நிறுவனங்கள் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்றவை இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு கிளம்பின. பொதுமக்களுக்கு வி.பி.என் சேவை தருவோருக்கே அது பொருந்தும் என்று பின்னர் விளக்கம் வந்தது. சொந்த வீட்டுக்குப் போட்டுக்கொண்ட பாதை அதில் வராது. வளைகுடாவில் கதை வேறு. அமீரகத்தில் வி.பி.என் வழியே குற்றம் செய்தால் அபராதமே 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. துபாயில் இருக்கும் தம்பிக்கும் ஒரு சாவி கொடுப்போம் என்று நினைப்பவர் இதையும் சொல்லிக் கொடுப்பது நல்லது.

கரண்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். 80 வாட் இழுக்கும் பழைய கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 115 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டுகளில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். வி.பி.என்னை மட்டும் பார்த்துக்கொள்ள உள்ளங்கையளவு கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை போதும்; அது சுமார் 5 வாட்டில் ஓடும். அதே இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம். இன்னொன்று, வேகம். மகனுக்கு வந்துசேரும் வேகம் என்பது வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம்தான். 100 எம்பி திட்டம் என்று விளம்பரத்தில் இருப்பது டவுன்லோடாகவும் இருக்கலாம்; அப்லோடு எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.

கரண்ட் போய்விட்டு வந்தால் கம்ப்யூட்டர் தானாக எழுந்திருக்க வேண்டும். பயாஸ் அமைப்பில் அதற்கென்றே ஒரு வரி உண்டு. அதை மாற்றாமல் விட்டால், ஊரில் பத்து நிமிடம் கரண்ட் போனாலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அப்பாவுக்கு ஃபோன் வரும்: “அப்பா, அந்தப் பட்டனை ஒரு தடவை அமுக்குங்க.”

சோதனையை வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு செய்யக் கூடாது. வைஃபையை அணைத்து, செல்போன் டேட்டாவில் ஏறி, வொயர்கார்டை இயக்க வேண்டும். இரு முனைகளும் கடைசியாகக் கைகுலுக்கிய (ஹேண்ட்ஷேக்) நேரம் சில நொடிகளுக்கு முன் என்று திரையில் வந்துவிட்டால், டேலி கோப்பைத் திறக்கலாம்.