பூனைக்குப் போதை, கொசுவுக்கு எரிச்சல், நமக்கு வெறும் டீ

இன்னைக்கு பூனை எபிசோட். பூனை வளர்க்காதவங்களும் ஓடிடாதீங்க. நடுவுல கொசு வரும், குப்பைமேனி வரும், பாராசிட்டமால் வரும். எல்லாத்துக்கும் தொடர்பு இருக்கு.

கேட்நிப்னு ஒரு செடி. துளசி, புதினா குடும்பம்தான். காஞ்ச இலையை ஒரு சின்ன துணிப் பொம்மைக்குள்ள அடைச்சு இப்போ நம்ம ஊர் பெட் ஷாப்லயும் விக்கிறாங்க. அதைப் பூனை முன்னாடி போட்டா முதல்ல மோந்து பார்க்கும், நக்கும். அப்புறம் முகத்தைத் தேய்க்கும், தரையில உருளும், எச்சில் ஒழுக விட்டுக்கிட்டு எங்கேயோ பார்க்கும். பத்து நிமிஷம், அதிகமா போனா பதினஞ்சு. அப்புறம் சட்டுனு எழுந்து எதுவுமே நடக்காத மாதிரி போயிடும். உடனே மறுபடி காட்டினா கண்டுக்காது. அரை மணி நேரத்துக்கு மேல ஆகணும்.

இதுக்குக் காரணம் அந்த இலையில இருக்குற நெப்பெட்டாலாக்டோன்ங்கிற பொருள். வேலை நடக்குறது மூக்கு வழியா. சாப்பிட்டு வர்ற போதை இல்ல, வாசனையில வர்றது.

"எங்க வீட்டுப் பூனை திரும்பிக்கூட பார்க்கலையே, அதுக்கு ஏதாவது பிரச்சனையா?"ன்னு கேக்குறவங்க நிறைய. பிரச்சனை இல்ல. மூணு பூனையில ஒண்ணு இப்படித்தான். இது மரபுவழியா வர்ற விஷயம்னு 1962லயே நீல் டாட் எழுதிட்டார். குட்டிப் பூனைகளும் மூணு மாசம் வரைக்கும் பெருசா கண்டுக்காது. 2017ல வந்த ஒரு ஆய்வுல நூறு பூனைகளுக்கு நாலு செடிகளைக் காட்டிப் பார்த்தாங்க. அதுல கேட்நிப்பை முந்தினது ஜப்பான், சீனா பக்கம் வளர்ற சில்வர் வைன். பத்துல எட்டு பூனை அதுக்கு மயங்குச்சு. கேட்நிப்பைக் கண்டுக்காத பூனைகள்லயும் பெரும்பாலானது சில்வர் வைனுக்கு விழுந்துடுச்சு. ஒரு கொடியில வளர்ற செடி, கிவி பழத்தோட சொந்தக்காரன்.

சரி, பூனைக்கு இதுனால என்ன லாபம்? இந்தக் கேள்விக்குத்தான் 2021ல ஜப்பான்ல இவாத்தே பல்கலைக்கழகத்துல மசாவோ மியாசாக்கி குழு ஒரு நல்ல பதில் கொண்டுவந்தாங்க. சில்வர் வைன்ல இருக்குற நெப்பெட்டாலாக்டோல்ங்கிற பொருளைத் தாள்ல தடவி பூனைகிட்ட கொடுத்தாங்க. பூனை உருண்டுச்சு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தா, பீட்டா எண்டார்ஃபின் ஏறியிருக்கு. உடம்பு தானே தயாரிக்கிற வலிநிவாரணி அது. நம்ம உடம்புலயும் இருக்கு. அப்புறம் நலாக்சோன் கொடுத்துப் பார்த்தாங்க. ஹெராயின் ஓவர்டோஸ் ஆனவங்களைக் காப்பாத்தக் கொடுப்பாங்களே, அதே மருந்து. கொடுத்ததும் பூனை உருள்றதை நிறுத்திடுச்சு. ஆக, அந்த சந்தோஷம் உண்மையிலேயே ஓபியாய்டு பாதையிலதான் ஓடுது. ஆனா வெளியிலிருந்து போதைப்பொருள் உள்ள போகல. வாசனை சுவிட்ச் போடுது, சரக்கு பூனையோடதே.

இதே குழு மிருகக்காட்சிசாலைல ஜாகுவார், சிறுத்தை, லின்க்ஸ்கிட்டயும் கொடுத்துப் பார்த்தாங்க. அதுங்களும் தேய்ச்சுச்சு, உருண்டுச்சு. நாய்க்கும் எலிக்கும் ஒண்ணுமே ஆகல.

இங்கதான் கொசு வருது. இலைமேல தேய்ச்சுக்கிட்ட பூனைமேல உக்கார்ற கொசு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது. காட்டுல ஒளிஞ்சு அசையாம காத்துக்கிட்டு வேட்டையாடுற மிருகத்துக்கு இது சின்ன விஷயம் இல்ல. வாலை ஆட்டினா எலி ஓடிடும். அப்போ உருள்றது போதைல பண்ற கூத்து இல்ல, ஓடோமாஸ் பூசிக்கிறது. போதை எதுக்குன்னா, பூசிக்கவைக்க. அடுத்த வருஷமே இன்னொண்ணும் சொன்னாங்க: பூனை இலையை நக்கிக் கசக்குறதால வாசனை பல மடங்கு அதிகமா வெளிய வருது. இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. வீணான வேலைன்னு நாம சிரிச்ச விஷயத்துக்கு உள்ள ஒரு டிசைன் இருந்திருக்கு.

கொசு ஏன் ஓடுது? அதுக்கும் 2021லயே விடை வந்துச்சு. கொசு உடம்புல எரிச்சலை உணர்ற டிஆர்பிஏ1னு ஒரு ரிசெப்டர் இருக்கு. கேட்நிப் அதைக் கிள்ளி விடுது. நம்ம உடம்புலயும் அதே பேர்ல ரிசெப்டர் உண்டு. கடுகோட காரம் மூக்குல ஏறுதே, அது இதோட வேலைதான். ஆனா மனுஷனோட ரிசெப்டரை கேட்நிப் தொடுறதில்ல. கோட் எழுதுறவங்களுக்குச் சொல்லணும்னா, ஃபங்ஷன் பேர் ஒண்ணு, இம்ப்ளிமெண்டேஷன் வேற. ஒரே இன்புட்டுக்கு பூனைகிட்ட சந்தோஷம், கொசுகிட்ட எரிச்சல், நம்மகிட்ட "ம்ம், புதினா வாசனை."

இப்போ நம்ம ஊர் கதை. சுவரோரம், குப்பைமேட்டுல தானா முளைக்குமே குப்பைமேனி, அதுக்குத் தமிழ்ல இன்னொரு பேர் பூனைவணங்கி. மார்ஜால மோகினின்னும் சொல்வாங்க. மார்ஜாலம்னா பூனை. குப்பைமேனி வேரைப் பிடுங்கிப் போட்டா பூனை வந்து முகத்தைத் தேய்க்கும், உருளும். ஆமணக்கு குடும்பத்துச் செடி, புதினாவுக்கும் கிவிக்கும் தூரம். ஆனா அந்த வேர்லயும் நெப்பெட்டாலாக்டோனோட நெருங்கின சொந்தக்காரப் பொருள் இருக்கு. பேர் வச்ச ஆளுக்கு லேபும் இல்ல, பேப்பரும் இல்ல. பூனையை உத்துப் பார்த்திருக்கார், அவ்ளோதான்.

சரி, மனுஷனுக்கு? ஐரோப்பாவுல கேட்நிப் டீ ரொம்ப நாளா குடிச்சிருக்காங்க, தூக்கம் வரும், வயிறு அடங்கும்னு. அறுபதுகள்ல சிலர் புகைச்சும் பார்த்தாங்க. 1969ல அமெரிக்க மருத்துவ சங்க இதழ்லயே, இது மனசை மாத்துதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. கூட ஒரு படம். படத்துல கஞ்சாவுக்கு கேட்நிப்னும், கேட்நிப்புக்கு கஞ்சான்னும் பேர் மாத்திப் போட்டிருந்தாங்க. படிச்சவங்க சும்மா விடுவாங்களா, கடிதமா வந்து குவிஞ்சுது. இன்னைக்கு யாரும் அந்தக் கட்டுரையைப் பெருசா எடுத்துக்கறதில்ல.

வலேரியன் இன்னும் வேடிக்கை. மனுஷனுக்குத் தூக்கத்துக்குன்னு வேரை மாத்திரையா விக்கிறாங்க. அழுக்கு சாக்ஸ் நாத்தம். அதே வேரை மோந்தா நூறுல ஐம்பது பூனை துள்ளுது.

குப்பைமேனில மட்டும் விளையாட்டு வேண்டாம். சிரங்குக்கு அரைச்சுப் பூசுறது நம்ம வீடுகள்ல பழக்கம்தான், அதைப் பத்தி நான் பேசல. யூடியூப் பார்த்து ஜூஸா குடிக்கிறதைப் பத்திப் பேசுறேன். ஜி6பிடின்னு ஒரு என்சைம் சிலருக்குப் பிறவிலயே குறைவா இருக்கும், ஆண்களுக்கு அதிகம். பல பேருக்கு அது இருக்குறதே தெரியாது. அப்படிப்பட்டவங்க குப்பைமேனி சேர்த்த மூலிகைச் சாறு குடிச்சு, ரத்தச் சிவப்பணுக்கள் உடைஞ்சு ஆஸ்பத்திரில சேர்ந்ததை இலங்கை டாக்டர்கள் 1996ல பதிவு பண்ணியிருக்காங்க. சிறுநீர் கறுப்பு டீ மாதிரி போனா, கண் மஞ்சளானா, உடனே டாக்டர்கிட்ட போங்க. என்ன குடிச்சீங்கன்னு மறைக்காம சொல்லுங்க. "இயற்கைதானே"ங்கிறது அந்த இடத்துல உதவாது.

இதோட மறுபக்கம்தான் பூனை வளர்க்குறவங்களுக்கு நான் முக்கியமா சொல்லணும்னு நினைச்சது. நமக்கு ஒத்துக்குறது பூனைக்கு ஒத்துக்காது. பூனைக்குக் காய்ச்சல்னு நினைச்சு பாராசிட்டமால் கொடுக்குறவங்க இன்னும் இருக்காங்க. பாசத்துலதான் கொடுக்குறாங்க. ஆனா ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொன்னுடலாம். அந்த மருந்தை ஈரல்ல பதப்படுத்தி வெளிய தள்ளுற என்சைமுக்கான ஜீன் பூனைகிட்ட உடைஞ்சு போய் வேலை செய்யாம கிடக்கு. தலைமுறை தலைமுறையா கறி மட்டுமே தின்ன மிருகம், செடியோட விஷத்தைச் சமாளிக்கிற கருவி தேவைப்படல, போயிடுச்சுங்கிறது இதுக்குச் சொல்ற விளக்கம். அதனாலதான் டீ ட்ரீ ஆயிலும் ஆபத்து. நாய்க்குன்னு வாங்குன பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைமேல ஊத்துறதும் ஆபத்து. லில்லிப் பூங்கொத்து வீட்டுக்கே வேண்டாம், மகரந்தம் ஒட்டின முடியை நக்கினாலே சிறுநீரகம் போயிடும். பாராசிட்டமால் தின்ன பூனைக்கு ஈறு பழுப்பா மாறும், முகமும் பாதமும் வீங்கும். அதைப் பார்க்குற வரைக்கும் காத்திருக்காதீங்க. தின்னுச்சுன்னு தெரிஞ்ச உடனே கால்நடை டாக்டர்.

கேட்நிப் கொடுக்கணும்னு ஆசைப்பட்டா, காஞ்ச இலை ஒரு சிட்டிகை போதும். வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை. கேட்நிப் எண்ணெயை நேரா பூனைமேல தடவாதீங்க. ரெண்டு பூனை இருந்தா முதல் தடவை தனித்தனி ரூம்ல கொடுத்துப் பாருங்க, சிலதுக்கு அந்த நேரத்துல கோவம் வரும். மிச்சத்தைக் காத்துப் புகாத டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வைங்க, வாசனை போகாது.

குப்பைமேனி வேரை ட்ரை பண்ணலாமான்னு கேப்பீங்க. ரோட்டோரத்துச் செடி வேண்டாம், நாய் ஒண்ணுக்குப் போயிருக்கும், களைக்கொல்லி அடிச்சிருப்பாங்க. சொந்தத் தொட்டியில முளைச்சதுன்னா, மண் போகக் கழுவி முன்னாடி வச்சு மோந்து பார்க்க விடுங்க. மென்னு தின்ன ஆரம்பிச்சா எடுத்துடுங்க. வீடியோ எடுத்தா எனக்கும் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.