பஸ்ஸர்ல பாட்டு: ஒரே ஒரு சுரமும் ஒரு பெரிய ஓட்டையும்

இப்போ நீங்க கேட்ட அந்தக் கீச்சுக் குரல் சவுண்ட் கார்டுல இருந்து வரலை. மதர்போர்டுல சொருகியிருக்கிற, ஒரு ரூபாய் காசைவிடச் சின்ன பஸ்ஸர்ல இருந்து வந்தது.

1981-ல வந்த முதல் ஐபிஎம் பிசியில 8253-ன்னு ஒரு டைமர் சிப் இருந்துச்சு. இன்னைக்கு வர்ற டெஸ்க்டாப்லயும் அதோட வாரிசு சிப்செட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கு. நொடிக்கு 11,93,182 துடிப்பு. நமக்கு வேண்டிய அதிர்வெண்ணால அதை வகுக்கணும், அவ்வளவுதான். 440 ஹெர்ட்ஸ் வேணும்னா 2712. அந்த எண்ணைக் கொடுத்துட்டா மீதியை சிப் பாத்துக்கும், சிபியு வேற வேலைக்குப் போயிடலாம்.

லினக்ஸ்ல இதுக்கான டிரைவர் பேர் பிசிஎஸ்பிகேஆர். உபுண்டுல அதை பிளாக்லிஸ்ட்லயே வெச்சிருப்பாங்க. டெர்மினல்ல ஒவ்வொரு தப்புக்கும் மெஷின் கத்தினா யாருக்குத்தான் பிடிக்கும்? மோட்ப்ரோப் பண்ணி எழுப்புங்க. அப்புறம் பீப் கமாண்டு: மைனஸ் எஃப்ல அதிர்வெண், மைனஸ் எல்ல எத்தனை மில்லிசெகண்ட், மைனஸ் என் போட்டா அடுத்த சுரம்.

சிக்கல் என்னன்னா, ஒரு நேரத்துல ஒரு சுரம்தான். ச, க, ப மூணும் சேர்ந்து கேட்கணும்னா, ஒவ்வொண்ணையும் 20, 30 மில்லிசெகண்டுக்கு மாத்தி மாத்தி ஓட்டணும். காது பாதி ஏமாறும், மீதி கரகரன்னு இருக்கும். பழைய டாஸ் கேம்கள்ல இதே தந்திரம்தான். வெறும் மெலடின்னா கவலையே இல்ல. புல்லாங்குழலும் ஒரு நேரத்துல ஒரு சுரம்தானே?

இப்போ முக்கியமான விஷயம். சாதாரண யூசரா பீப் அடிச்சா பெர்மிஷன் எரர் வரும். பழைய டுட்டோரியல்கள், "செட்யூஐடி ரூட் கொடுத்துடுங்க"ன்னு சொல்லும். நானும் கொடுத்தேன். சத்தம்தானே போடப் போகுது, வேற என்ன பண்ணிடும்னு ஒரு அலட்சியம். 2018 ஏப்ரல்ல டெபியன் ஒரு செக்யூரிட்டி அறிவிப்பு விட்டாங்க. பீப்புக்குள்ள ஒரு ரேஸ் கண்டிஷன். செட்யூஐடியோட இருந்தா, அந்த மெஷின்ல அக்கவுண்ட் வெச்சிருக்கிற யார் வேணாலும் ரூட் ஆகலாம்! அன்னைக்கு ராத்திரியே என் மெஷின்ல அதைக் கழட்டினேன்.

புது பீப், சூடோ போட்டு ஓட்டினாலே மறுத்துடும். சரியான வழி, யூடெவ் ரூல் எழுதி, ஸ்பீக்கரோட டிவைஸ் ஃபைலை மட்டும் ஒரு குரூப்புக்குத் திறந்து விடுறது. அந்த குரூப்ல உங்க பேரைச் சேர்த்துட்டு, லாகவுட் பண்ணி உள்ள வாங்க.

எல்லாம் பண்ணியும் சத்தம் வரலையா? பல லேப்டாப்ல பஸ்ஸரே கிடையாது. டெஸ்க்டாப்னா, போர்டுல ஸ்பீக்கர்னு எழுதியிருக்கிற பின்ல சொருகுற பஸ்ஸர் தனியாவே கிடைக்கும்.