கடல் கடக்கும் முன் ஒரு கோடை

(மகாவீர் ஜெயந்தி விழாவையொட்டிக் காஞ்சிபுரத்தில் நடைபெற்ற மாணவர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பகவான் மகாவீரரின் பிறந்த நாள் பங்குனி முடிந்தும் முடியாத பொழுதில் வருகிறது. காஞ்சி மாநகருக்கு அது ஓய்வின் தொடக்கம் அன்று, உழைப்பின் தொடக்கம். சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். பட்டுக்கடைகளில் கூட்டம் குறையாது. பிள்ளையார்பாளையத்தில் தறியோசை ஓயாது. வைகாசியில் வரதர் கருடன்மீது எழுந்தருளும் நாளில் ஊரே தெருவில் நிற்கும். இந்த வெயிலுக்கும் கூட்டத்துக்கும் நடுவேதான் மேற்படிப்புக்காக வெளிநாடு செல்ல விரும்பும் மாணவர்களின் கோடை கழிகிறது.

நெசவாளர் வீட்டு மாணவர் ஒருவரின் நாளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குமுன் தெருவில் பாவு நீட்டக் கை கொடுக்க வேண்டும். பிறகு தார் சுற்ற வேண்டும். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகக் கோர்வை நெய்கிற தறியில் ஒருவர் கை போதாது. பக்கத்தில் இருந்து கரை ஊடையை வாங்கித் தர இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். பகலில் பட்டுக்கடையிலோ கணக்கரிடமோ ஒரு வேலை. மாலையில் ஐஇஎல்டிஎஸ் வகுப்பு: கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள், ஒன்பதுக்கு இத்தனை என மதிப்பெண். இரவில் விண்ணப்பம், கடவுச்சீட்டு, வங்கிக் கடன் தாள்கள். கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குத் தறி இல்லை; கல்லாப்பெட்டி உண்டு. வேறுபாடு அவ்வளவே.

தாள்களை அடுக்குவது எளிதன்று. இங்கிலாந்துக்கு மாணவர் விசா கேட்போர் சொந்தப் பணத்தைக் காட்டுவதானால், கட்ட வேண்டிய கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்த தொகை தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயும் குறையாமல் நிற்க வேண்டும். கூலி வந்த மறுநாளே சரிகைக்கும் சோற்றுக்கும் பிரித்துக் கொடுத்துப் பழகிய தந்தையிடம், ‘இந்தப் பணத்தைத் தொடக் கூடாது; ஆனால் அது அங்கேயே இருக்க வேண்டும்’ என்று ஒரு பிள்ளை விளக்கிச் சொல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். ஜெர்மனியோ ஓராண்டுச் செலவை முன்கூட்டியே தனிக் கணக்கில் கட்டச் சொல்கிறது. அதை மாதந்தோறும் பகுதி பகுதியாகத்தான் எடுக்கலாம்.

சமணர் 2014 ஜனவரியில் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அதனால், வெளிநாட்டில் முதுகலையும் ஆய்வும் பயிலும் எளிய சிறுபான்மை மாணவரின் கடன் வட்டியை நடுவண் அரசு ஏற்கும் ‘படோ பர்தேஷ்’ திட்டம் நம்மவருக்கும் உதவக் கூடியதாயிற்று. 2022-23 முதல் அத்திட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. சாத்திர தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றும் சமுதாயம் இதை அறிந்திருக்க வேண்டும். 

ஒரு காலத்தில் அயலார் கற்க வந்த ஊர் இது. கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் காஞ்சியின் கடிகையில் கற்க வந்த செய்தியைத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. வேகவதியாற்றங்கரைத் திருப்பருத்திக்குன்றமோ ஜினகாஞ்சி என்றே பெயர் பெற்றது. அங்கே வாழ்ந்த வாமன முனிவர் நீலகேசிக்கு உரை கண்டவர். அந்தப் பெருமையை இங்கே விரிக்கப் போவதில்லை. அதை எல்லா மேடையிலும் கேட்டிருப்பீர்கள். இன்றைய பேச்சு, இந்த ஊரில் சிறுவனாகச் சில காலம் பள்ளிக்குச் சென்று, பின்னாளில் கடல் கடந்து போன ஒருவரைப் பற்றியது. அவர் கணிதமேதை சீனிவாச ராமானுஜன்.

அவர் ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தார். தந்தை கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கர். தாய்வழிப் பாட்டனார் காஞ்சிபுரத்தில் நீதிமன்றப் பணியில் இருந்தமையால் சிறுவன் இங்கே பள்ளியில் சேர்க்கப்பட்டான். பாட்டனாரின் வேலை போனதும் தாயும் மகனும் கும்பகோணம் திரும்பினர். பிறகு நடந்தவை பலரும் அறிந்தவையே: கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை.

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் பயின்றவர். பகலில் அலுவலகக் கணக்கு. இரவில் இருவரும் ஆளுக்கொரு பலகை வைத்துக்கொண்டு வேறு கணக்கு. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். பிப்ரவரியில் மறுமொழி வந்தது. அதே மாதம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தவர், துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் வாயிலாக அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார்.

அந்தக் கோடையில்தான் அவர் வாழ்வு திரும்பியது. ஆராய்ச்சி மாணவருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரிடம் எஃப்.ஏ.வும் இல்லை. பல்கலைக்கழக சிண்டிகேட் ஏப்ரலில் கூடி, விதியை விட ஆராய்ச்சியே பெரிது எனக் கருதி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டு உதவித்தொகை வழங்கியது. 1913 மே 1 முதல் அவர் முழுநேர ஆராய்ச்சி மாணவர். விதியைக் காட்டிக் கதவைச் சாத்துவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். விதியைப் படித்து அதற்குள்ளேயே வழி கண்டவர்களும் இருந்தார்கள் என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உதவித்தொகைக்கு ஈடாக அவர் செய்ய வேண்டியது மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை. ஆகஸ்ட் 5, நவம்பர் 7, 1914 மார்ச் 9 என மூன்று அறிக்கைகளையும் தவறாமல் கொடுத்தார். திருவல்லிக்கேணி வீட்டில் தாய் கோமளத்தம்மாளும் இளம் மனைவி ஜானகியும் உடனிருந்தனர். எழுதும் கையை எடுக்க மனமில்லாதபோது, சாதத்தைப் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பார்களாம். தேர்வுக் காலத்தில் நம் வீட்டுத் தாய்மார்கள் செய்வதும் இதுவே. தாய்மார்கள் சிரிப்பதைப் பார்த்தால் உண்மை என்றே தோன்றுகிறது!

ஹார்டி அழைத்தும் அவர் முதலில் வர மறுத்தார். கடல் கடந்தால் குலம் விலக்கும் காலம் அது, தாயும் இசையவில்லை. 1914 தொடக்கத்தில் நெவில் என்ற இளம் பேராசிரியர் விரிவுரையாற்றச் சென்னை வந்தபோது நிலை மாறியிருந்தது. நாமக்கல் நாமகிரித் தாயார் தாயின் கனவில் தோன்றி விடை கொடுத்ததாக ஒரு சாரார் சொல்வர். மகனுக்கே கோயிலில் கட்டளை கிடைத்ததாக வேறு சிலர் சொல்வர். எப்படியாயினும், தாயின் இசைவு இல்லாமல் அவர் கப்பல் ஏறவில்லை.

இதே வாயிலில் அவருக்கு முன் நின்றவர் காந்தியடிகள். 1888-இல் சட்டம் பயில இலண்டன் செல்ல விரும்பிய மோகன்தாசுக்கு அன்னை புத்லிபாய் விடை தரத் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நீக்கியவர் பேச்சர்ஜி சுவாமி என்ற சமணத் துறவி. மதுவையும் மாதரையும் புலாலையும் தொடுவதில்லை என்ற மூன்று விரதங்களைப் பிள்ளைக்கு ஏற்பித்து அவரே அன்னையை அமைதியுறச் செய்தார். ஆனியிலும் ஆடியிலும் கடல் கொந்தளிக்கும் என்று காத்திருந்து, சாதியார் விலக்கியதையும் தாங்கி, செப்டம்பர் 4 அன்று பம்பாயில் காந்தி கப்பலேறினார். இதற்கெனப் பாதுகாத்து வைத்த வெள்ளை உடையை அணிந்து செப்டம்பர் இறுதியில் சவுதாம்ப்டனில் இறங்கினால், வெள்ளை உடுத்தவர் அவர் ஒருவரே! உடை விஷயத்தில் அவர் ஆயத்தம் பொய்த்தது, விரதத்தில் பொய்க்கவில்லை.

ராமானுஜனுக்குச் சென்னையே திரண்டு ஆயத்தம் செய்தது. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுனும், பயணச் செலவும், உடைக்கெனத் தனித் தொகையும் ஒதுக்கியது. அந்த உதவித்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாயைப் பெற்றோருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ராமானுஜன் ஏற்பாடு செய்துகொண்டார். கப்பலில் சைவ உணவு கிடைக்க வேண்டுமென பிரான்சிஸ் ஸ்பிரிங் கப்பல் முகவர்களுக்கு எழுதினார். பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் தம் மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு கடை கடையாகச் சென்று கழுத்துப்பட்டியும் காலுறையும் வாங்கித் தந்தார். கரண்டியும் முள்ளும் கத்தியும் பிடித்து உண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். குடுமி எடுக்கும் காட்சியைக் காணவேண்டாம் என்று தாயையும் மனைவியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவைத்தார். 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்ற கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. ஏப்ரல் 14 அன்று இலண்டன் சேர்ந்தது.

இத்தனை ஆயத்தமும் பிறர் கண்ணுக்குத் தெரியும் ராமானுஜனுக்கே. அறைக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அந்நாட்டில் எப்படி வாழ்வது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. கேம்பிரிட்ஜில் அப்போது பயின்ற வங்க மாணவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், பின்னாளில் நாட்டின் புள்ளியியல் துறைக்கு வித்திட்டவர், ஒரு குளிர்நாளில் அவரைக் காணச் சென்றார். ‘இரவில் குளிர் தாங்குகிறதா?’ என்று கேட்டார். மேல்கோட்டை அணிந்து, அதற்குமேல் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். படுக்கையறையில் போய்ப் பார்த்தால், கம்பளிகள் ஒன்றல்ல, பல இருந்தன. அவை விரிப்புக்கு அடியில் மெத்தையோடு இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்திருந்தார். மகலனோபிஸ் விலக்கிக் காட்டினார்.

எண்களின் மறைகளைத் திறந்தவருக்கு ஒரு படுக்கையைத் திறக்கத் தெரியவில்லை என்று இதை நகைச்சுவையாகச் சொல்வோர் உண்டு. அப்படிச் சொல்வது தகாது. தெரியாததைக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். கேட்க ஆள் இல்லாத இடத்தில் அறிவாளியும் குளிரில்தான் படுப்பான். உணவும் அப்படியே. சைவ உணவில் உறுதியாக இருந்து தம் கையாலேயே சமைத்து உண்டார். அவர் சென்ற சில மாதங்களில், 1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. உணவுப் பொருள்கள் அரிதாயின. வேலை மிகுந்த நாள்களில் சமையலும் இல்லை, உறக்கமும் இல்லை. 1917-இல் நோயுற்றார். காசநோய் என மருத்துவர்கள் கருதினர். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்திகள் அவர் நோயாளியாக இருந்தபோதே வந்தன.

மாணவச் செல்வங்களே, நீங்கள் கற்கும் ஐஇஎல்டிஎஸ் நல்லது, அதை விடாதீர்கள். அதோடு இந்தக் கோடையில் அடுப்படியிலும் ஒரு மாதம் நில்லுங்கள். பருப்பு வேகும் பதம் தெரியட்டும். வெங்காயமும் பூண்டும் கிழங்கும் இல்லாமல் உண்ணும் நோன்பு இல்லத்தவர், அயல்நாட்டில் என்ன கிடைக்கும் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். பருவம் மாறும்போது உடம்புக்கு என்ன ஆகும் என்பதை முன்னே சென்றவரிடம் கேளுங்கள். அங்கே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தாயிடமும் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அறக்கட்டளைப் பெரியோர்களும், கட்டணத்துக்குக் காசோலை எழுதும்போதே, சென்று படித்துத் திரும்பியவர் இருவரைப் புதியவர்களுக்கு அண்ணனாகவும் அக்காவாகவும் அமர்த்திக் கொடுக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி அறக்கட்டளையாருக்கே உரியது. 1918 டிசம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு ஆண்டுக்கு 250 பவுன் தொடர்ந்து வழங்க முன்வந்தது. இலண்டனில் பட்னி என்னும் பகுதியில் மருத்துவ இல்லத்தில் படுத்திருந்த அவர், 1919 ஜனவரி 11 அன்று பதிவாளர் டியூஸ்பரிக்குப் பதில் எழுதினார். இந்தியாவில் தம் தேவைக்கு அது மிகுதி என்றார். 50 பவுனைப் பெற்றோருக்குக் கொடுத்துத் தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சுவதைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்றும், குறிப்பாக ஏழைச் சிறுவர்க்கும் தாய்தந்தையற்றோர்க்கும் பள்ளிக் கட்டணம் குறைக்கவும் புத்தகம் வழங்கவும் பயன்படுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். தாம் ஊர் திரும்பிய பிறகு இதற்கான ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம் என்றும் எழுதினார்.

மார்ச் 27 அன்று பம்பாயில் வந்து இறங்கினார். அதன்பின் அவருக்குக் கிடைத்தது பதின்மூன்று மாதங்கள். 1920 ஏப்ரல் 26 அன்று, கடுங்கோடையில், சென்னைச் சேத்துப்பட்டில் தம் முப்பத்திரண்டாம் வயதில் காலமானார்.