இசைக் கருவியும் இணைப்புக் கம்பியும்



வீட்டில் இசை கேட்பதற்குக் கருவி வாங்குவோர், எந்த ஒலிபெருக்கி சிறந்தது என்று பலரைக் கேட்கிறார்கள். அதனை இணைக்கும் கம்பியைப் பற்றி எண்ணுவோர் சிலரே. விலை மிகுந்த கம்பிதான் நல்ல கம்பி என்று நம்புவோரும் உளர். இவ்விரண்டும் வேண்டா. பள்ளியில் நாம் கற்ற ஓம் விதியே இங்கு வழிகாட்டும்.

கம்பி நீள நீள அதன் மின்தடை கூடும். பருக்கப் பருக்கக் குறையும். கம்பியின் தடை, ஒலிபெருக்கிக்குக் குறித்த ஓம் அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டாதிருத்தல் நன்று. 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.0115 ஓம். ஆம்ப்ளிபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே கம்பி 10 மீட்டர் ஓடினால், மின்சாரம் போய்த் திரும்பும் வழி 20 மீட்டர், தடை 0.23 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு இது நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. ஆனால், பாதிப் பரப்புள்ள மெல்லிய கம்பியை 4 ஓம் ஒலிபெருக்கிக்கு இட்டால், நூற்றுக்குப் பதினொரு பங்குக்கு மேலாகிவிடும்.

இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் கம்பி ஒரே நீளமாக இருக்க வேண்டுமா? தடை வரம்புக்குள் இருக்குமானால் தேவையில்லை. ஐந்து மீட்டர் கூடுதல் கம்பியைக் கடக்க, மின்குறிக்கு ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. அதே ஐந்து மீட்டரைக் காற்றில் கடக்க, ஒலிக்கு நொடியின் நூற்றில் ஒன்றரைப் பங்கு ஆகும். ஆகவே, கம்பியின் நீளத்தைவிட நாம் அமரும் இடமே முக்கியம்.

இனி மின் இணைப்புக்கு வருவோம். கருவிகளை வெவ்வேறு சுவர்களில் உள்ள பிளக்குகளில் செருகினால், சில வேளை இசையோடு ஓயாத ரீங்காரம் ஒன்று கேட்கும். தொலைவிலுள்ள இரு இடங்களில் எர்த் இணைப்புப் பெறுவதால், கருவிகளை இணைக்கும் கம்பி வழியே சிறு மின்னோட்டம் பாய்வதே இதற்குக் காரணம். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் பெறச் செய்க. மின்சாரக் கம்பியை இசைக் கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

சிலர் வேறொன்று செய்கிறார்கள். பிளக்கின் பெரிய முனையை நீக்கிவிடுகிறார்கள். ரீங்காரம் நின்றுவிடும், கூடவே காவலும் போய்விடும். உள்ளே மின்கம்பி கழன்று உலோகப் பெட்டியைத் தொடுமானால், எர்த் கம்பி வழியே பெருமளவு மின்சாரம் பாய்ந்து பியூஸ் எரிந்து மின்சாரம் நிற்கும். அக்கம்பி இல்லையெனில், பெட்டி 230 வோல்ட்டுடன் காத்திருக்கும். பாட்டை மாற்றக் கைநீட்டும் குழந்தையின் உடலே அதற்கு வழியாகும்.

சுவரில் மூன்றாவது துளை இருப்பதனாலேயே அதன் பின்னே எர்த் கம்பி இருக்கிறது என்று கொள்ளவும் கூடாது. மின்பணி தெரிந்தவரைக் கொண்டு சோதித்தறியுங்கள். ஒலியின் குறையைத் திருத்தப் பல வழிகள் உண்டு. உயிரின் காவலை விட்டுக்கொடுப்பது அவற்றுள் ஒன்றன்று.