செவிக்குள் ஓடும் குருதி

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பழைய மாணவிகள் கூடினால் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "என்ன சொன்னனீர்?" என்பதுதான். அதைச் சிரித்து விட்டுவிடுகிறோம். ஆனால், காது மந்தமானவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுகிறார்.

உட்செவியின் நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலியதிர்வை நரம்புக் கணத்தாக்கமாக மாற்றுபவை இவையே. மனிதரில் இவை இறந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. ஆகவே ஆய்வாளரின் கவனம் நெடுங்காலம் இவற்றின் மீதே இருந்தது.

ஆனால் இவை இயங்கத் தேவையான மின்வலு அயலிலிருந்தே வருகிறது. நத்தைச்சுருளின் வெளிச்சுவரில் குருதி மயிர்க்குழாய்கள் செறிந்த பட்டியொன்று உண்டு. 1851இல் அல்போன்சோ கோட்டி விவரித்த இதனை 'ஸ்ட்ரியா வஸ்குலாரிஸ்' என்பர். இப்பட்டி பொற்றாசியம் அயன்களைச் செலுத்தி, ஏறத்தாழ 80 மில்லிவோல்ற்று அழுத்தத்தைப் பேணுகிறது. குருதியோட்டம் குன்றினால் இவ்வழுத்தம் வீழும். மயிர்க்கலங்கள் இருந்தும் ஒலி மங்கும்.

அக்குழாய்களின் உட்சுவரிலுள்ள அகவணிக் கலங்கள் ஒன்றோடொன்று இறுக இணைந்து, குருதியிலிருந்து எது உள்ளே செல்லலாம் எனத் தீர்மானிக்கின்றன. 'பெரிசைற்று' எனும் கலங்கள் வெளிப்புறமாக அணைத்து அவற்றைத் தாங்குகின்றன. பெருஞ்சத்தமும் முதுமையும் இவ்வேலியைத் தளர்த்துவதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன.

உயிருள்ள ஒருவரின் உட்செவியில் துண்டு வெட்டிச் சோதிக்க முடியாது, கேள்திறனே போய்விடும். எனவே சுண்டெலியின் பட்டியிலிருந்து இக்கலங்களைப் பிரித்து ஆய்வுகூடத்தில் வளர்க்கின்றனர். ஜென்ராமைசின், சிஸ்பிளாற்றின் போன்ற, செவியைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் இவ்வேலியை எவ்வாறு கடக்கின்றன, தளர்ந்த வேலியை எவ்வாறு சீராக்கலாம் என்பனவே ஆராயப்படுகின்றன. கிண்ணத்தில் வளரும் கலம் முழுச் செவியாகாது. அங்கே குருதியோட்டம் இல்லை. எனினும், இறந்த மயிர்க்கலத்தை மீட்க முடியாத எமக்கு, அதற்கு உணவூட்டும் குழாயைக் காக்கலாம் என்பது பெரிய நம்பிக்கை.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். ஒலிபெருக்கிக்கு அருகில் அமராதீர்கள். ஒரு காது திடீரெனக் கேளாமற்போனால், குறும்பி என்று எண்ணெய் விட்டுக் காத்திராமல், உடனே காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரை நாடுங்கள். முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கும் சிகிச்சையே கூடிய பயன் தரும்.

மூக்குக்கண்ணாடி அணிய நாம் வெட்கப்படுவதில்லை. செவிப்புலன் கருவிக்கு மட்டும் வெட்கம் எதற்கு?