கல் வேற, கிளிஞ்சல் வேற
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரை படித்தவள். எனக்குத் தெரிந்த நாட்டுக்கோழியைப் பற்றியே பேசுகிறேன்.

முன்பு நம்ம கோழிங்க குப்பைமேட்டைக் கிளறி, வேண்டிய கல்லையும் நத்தை ஓட்டையும் தானே பொறுக்கிக்கும். இப்போ நாய்க்கும் பக்கத்து வீட்டுச் சண்டைக்கும் பயந்து வலைக்குள்ள அடைத்து வளர்க்கிறோம். அடைத்த பிறகு அந்த ரெண்டையும் நாமதான் வைக்கணும்.

கோழிக்குப் பல் இல்லை. கறி அறியும்போது கெட்டியான ஒரு பையைப் பிளந்து மஞ்சள் தோலை உரிப்போமே, அதுதான் அதோட ஆட்டுக்கல். உள்ளே கிடக்கும் பொடிக்கல்தான் தானியத்தை அரைக்குது. கிளிஞ்சல் அங்கே கரைந்துவிடும், அரைக்காது. அது முட்டை ஓட்டுக்கு.

முதல் வாரம் குஞ்சு தீவனம் தின்னப் பழகட்டும். தீவன மாவு மட்டும் தின்றால் கல் தேவையில்லை. நொய், கீரை போட ஆரம்பித்தால், கழுவின ஆற்று மணலில் கடுகு அளவு உள்ளதைச் சலித்து ஒரு சிட்டிகை தூவுங்க. ரெண்டு மாதத்துக்கு மேல் கம்பு அளவு, பெரிய கோழிக்குப் பச்சைப்பயறு அளவு கல் வையுங்க.

முதல் முட்டை வரும்வரை கிளிஞ்சல் வேண்டாம். குஞ்சுத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு 1 பங்கு, முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 பங்கு. கையில் இருக்கேன்னு அதைக் குஞ்சுக்குத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெட்டு, குஞ்சு செத்தும் போகும்.

முட்டையிட ஆரம்பித்தால் கதையே வேற. ஒரு முட்டை ஓட்டுக்கு ஒன்றரை முதல் ரெண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து போகும். சத்து அதிகம்னு நாம சொல்ற கேழ்வரகிலேயே 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம்தான் இருக்கு. அப்போ தானியம் மட்டும் எப்படிப் போதும்? பத்தலேன்னா கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். கால் தளர்ந்துவிடும், தோல் முட்டை விழும், அடை வைத்த முட்டை கோழிக்கு அடியிலேயே நசுங்கும்.

கிளிஞ்சலை நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்க. தேவைப்படும் கோழி தானே கொத்திக்கும், சேவல் அதிகம் தொடாது. ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகும். அதனால் சாயங்காலம் கிண்ணம் காலியா இருக்கக் கூடாது. கிளிஞ்சல் கிடைக்காதவங்க வீட்டு முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, நல்லா நொறுக்கிப் போடலாம். முழுசா போட்டால் முட்டையையே கொத்தப் பழகிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம், வாய் வெந்துவிடும்.

பத்து முட்டை அடை வைத்து மூணு நசுங்கினால், போனது மூணு கோழி. கடன் தவணை கட்ட வேண்டிய காசு அது. தனித்தனியா அலையாம, குழுவுக்கு ஒரு மூட்டை கிளிஞ்சல் வாங்கிப் படி கணக்கில் பிரித்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மான நோட்டில் எழுதணும்னு கேட்டுக்கொள்கிறேன்.