இரட்டைக் குடியுரிமையும் ஒற்றைக் குடியுரிமையும்
(மான்மவுத் ஜங்ஷன் கூட்டத்தில் பேசியது)



இங்க பல பேர் ஊருக்குப் போகும்போது பையில ரெண்டு இருக்கும்: அமெரிக்க பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை. அதை "இரட்டைக் குடியுரிமை"ன்னு சொல்லிக்கிறோம். அப்படி ஒன்று இந்தியாவில் இல்லை. 1955 குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவுப்படி, நாமாக வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினதும் இந்தியக் குடியுரிமை போயிடுது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கணும். ஓசிஐ வெறும் நீண்டகால விசா, ஓட்டு கிடையாது.

2019 திருத்தத்துக்குப் பிறகு, அரசு அறிவிக்கும் எந்தச் சட்டத்தை மீறினாலும் அதை ரத்து செய்யலாம். ஸ்வீடனில் பேராசிரியராக இருக்கும் அசோக் ஸ்வெய்னின் அட்டையை 2022ல் ரத்து செய்தார்கள். காரணம் சொல்லாத அந்த உத்தரவை டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் தள்ளியது. அதே மாதம் புது உத்தரவு வந்தது. வாயைத் திறந்தா அம்மாவைப் பார்க்கப் போக முடியுமாங்கிற பயம் நமக்கும் வரணும், அதுக்குத்தான்.

ஆனா நம்ம கதையோட நிறுத்தக் கூடாது. 1986ல் மண்டபம் அகதி முகாமில் பிறந்த ஓர் ஈழத் தமிழ்ப் பெண், பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். அவருக்குப் பாஸ்போர்ட் மறுத்தார்கள். 2022ல் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. 1987 ஜூலை முதல் முகாமில் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இல்லையென்றால், அந்த வழியும் அடைப்பு. 2019 சட்டமும் இலங்கை அகதிகளை விட்டுவிட்டது.

இரட்டைக் குடியுரிமைக்கு மனு எழுதும்போது, முதல் வரியில் அவங்களுக்கான ஒற்றைக் குடியுரிமையைக் கேட்போம்.